பயத்துக்கு இரண்டு

சைகோனில் தெத் புத்தாண்டு அன்று தொடங்கிய பெரிய சண்டை ஓய்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஓய்ந்தது என்று சொன்னாலும், வாரத்தில் ஒருநாளாவது விடிகிற நேரத்தில் ராக்கெட் வந்து விழும். பென் தான் என்கிற பெரிய சந்தைக்குப் பின்பக்கம், மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன டிஸ்பென்சரி இருந்தது. அங்கே நான் நர்ஸ். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

நான் பிறந்ததே அந்த ஊரில்தான். அப்பா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் சுங்க இலாகா குமாஸ்தாவாகக் கப்பலேறிப் போனவர். பிரெஞ்சுக்காரர் மூட்டை கட்டியபோது எங்கள் ஜனங்களில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போனார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள். அப்பா அசையவில்லை. அவர் காலமான பிறகும் அம்மாவும் நானும் அங்கேயே தங்கிவிட்டோம். வீட்டில் காரைக்கால் தமிழ், தெருவில் வியட்நாம் மொழி, கன்னியாஸ்திரீகள் பள்ளியில் பிரெஞ்சு. மூன்றிலும் என்னால் சண்டை போட முடியும். அந்த வயதில் அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டாக்டர் வியட்நாமியர். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வாரத்தில் பாதி நாள் ராணுவ ஆஸ்பத்திரி, இரண்டு நாள் எங்களிடம். அவர்தான் அந்தப் புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். நாற்பது வயதைத் தாண்டிய யார் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி, நோயாளியோ துணைக்கு வந்தவரோ, கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்துவிட வேண்டும். குண்டடி பட்டவனுக்கு ரத்தம் வெளியே தெரிகிறது, இந்த வியாதி வெளியே தெரியாது, வலிக்காது, ஒருநாள் ஆளைச் சாய்த்துவிடும் என்பார். எங்கள் சந்துகளில் அப்படித் திடீரென்று சாய்ந்தவர்கள் நிறைய. கெட்ட காற்று அடித்துவிட்டது என்று சொல்லி அடக்கம் செய்துவிடுவார்கள்.

ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தால் கையை ஏன் நெரிக்கிறாய் என்று கீரை விற்கிற அம்மாள் ஒருத்தி சண்டைக்கே வந்தாள். துணைக்கு வந்த ஆண்கள் என் கையில் பட்டையைப் பார்த்ததும் புகை பிடிக்க வெளியே நழுவுவார்கள். நான் விடமாட்டேன், வாசல்வரை போய்க் கையைப் பிடித்து இழுத்துவருவேன்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் நூற்றெழுபது என்று சொல்வதை அங்கே பதினேழு என்பார்கள், பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன பழக்கம். மேல் அளவு பதினாறோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஆளை டாக்டர் வருகிற நாளில் கூப்பிட வேண்டும். அதுதான் எங்களுக்கு இட்ட உத்தரவு.

ராக்கெட் விழுந்த காலைகளில் எல்லாருக்கும் பதினாறும் பதினேழும்தான். இருக்காதா பின்னே? பக்கத்துத் தெருக் கூரை பறந்ததைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ரத்தம் எப்படி அடங்கும்? அதற்கும் டாக்டர் வழி சொல்லியிருந்தார். அரை மணி நேரம் பேச்சில்லாமல் உட்கார வை, மறுபடி பார், அப்போதும் பதினாறு என்றால் அதுதான் அவருடைய அளவு, எழுது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பெஞ்சில் பத்துப் பேர் உட்காரலாம், வாசலில் அறுபது பேர் நிற்பார்கள். நானும் இன்னொரு நர்ஸும்தான் வேலைக்கு. அரை மணிக்கு எங்கே போவது?

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போனது. ஒரு வாரம் சிலரை உட்கார வைத்து இரண்டு தடவை பார்த்தேன். அரை மணி கழித்துப் பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டு இறங்கியிருந்தது. அப்புறம் எதற்கு உட்கார வைக்க வேண்டும்? பயத்துக்கு இரண்டு கழித்துக்கொள்ளலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். பதினேழு என்று காட்டினால் நோட்டில் பதினைந்து என்று எழுதுவேன். கழித்த எண் மட்டும்தான் நோட்டில் ஏறும், கழிக்காத எண்ணை எங்கேயும் குறித்து வைக்கவில்லை. கூட இருந்த நர்ஸும் அப்பாடா என்று அதைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் ராக்கெட் விழாத காலைகளிலும் இரண்டு கழிந்தது. ஊருக்கு வெளியே எந்நேரமும் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது, பயமில்லாத நாள் எது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு நெஞ்சுரம் அதிகம் என்று ஒருநாள் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இனி அந்தப் பால்கார அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் காரைக்கால் பக்கத்து மனிதர், ஐம்பது வயது இருக்கும். தி நே என்கிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாலு மாடு வைத்துக்கொண்டு பால் கறந்து விற்றுவந்தார். டப்பாப் பால் வந்து எல்லாருடைய வியாபாரத்தையும் சாய்த்த பிறகும் இவர் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மன் அபிஷேகத்துக்கு இவர் பால்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் தொங்கும்.

அவர் மனைவி வியட்நாமியப் பெண், நாற்பதைத் தாண்டியவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இருவரும் பேசிக்கொள்வது வியட்நாம் மொழியில்தான், அண்ணன் அதைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார். அக்காவுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த தமிழ் எல்லாம் அவர் மாடுகளிடம் பேசுகிற தமிழ்தான். நில்லும்மா, தள்ளு, வா, போதும். இந்த நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு அவளும் மாடுகளை அதட்டுவாள். மாடுகளுக்கு வியட்நாம் மொழி ஏறாது, அவை தமிழ் மாடுகள் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவுக்கு இருமல் என்று ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். நான் வழக்கம்போல் இருவர் கையிலும் பட்டையைக் கட்டினேன். அக்காவுக்குப் பதினாறு. அண்ணனுக்குப் பதினேழு. இரண்டு இரண்டு கழித்தேன். பதினான்கு, பதினைந்து. இரண்டும் நல்ல எண்ணாகத் தெரிந்தன.

அதன்பிறகு அண்ணன் மாதம் ஒரு தடவை கோயிலில் பாலை ஊற்றிவிட்டு அப்படியே எங்களிடம் வருவார். தானாகக் கையை நீட்டிய ஒரே மனிதர் அவர்தான். நம்ம ஊர்ப் பிள்ளை செய்கிற வேலை என்று அவருக்குப் பெருமை. பதினேழு, பதினேழரை என்று காட்டும். நானும் சலிக்காமல் கழித்து, ஒன்றும் இல்லை அண்ணே, நன்றாக இருக்கிறது என்று அனுப்புவேன்.

ஒரு தடவை அவர் பிடரியில் சிவப்பாக வரி வரியாகக் கோடுகள் இருந்தன. அங்கே தலைவலி, உடம்பு வலி என்றால் தைலத்தைத் தடவி நாணயத்தால் சுரண்டுவார்கள், உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடும் என்று நம்பிக்கை. காலையில் எழுந்தால் பின்மண்டை வலிக்கிறது, அவள்தான் சுரண்டிவிட்டாள் என்றார். விடிகாலையில் ராக்கெட் விழுந்தால் யாருக்குத்தான் மண்டை வலிக்காது, அதற்குப் போய்த் தோலை உரித்துக்கொள்வீர்களா என்று கேலி செய்து அனுப்பினேன். அடுத்த மாதமும் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். அதற்கு அடுத்த மாதமும் பார்த்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வேலைக்குப் போகுமுன் கோயிலுக்குப் போனேன். குருக்கள் வெறும் குடத்தோடு வாசலில் நின்றார். பால் வரவில்லை, இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதில்லை என்றார். பாலத்தில் சோதனைக்கு நிறுத்தியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு நான் வேலைக்கு வந்துவிட்டேன்.

எட்டு மணிக்கு அக்கா வந்தாள். அவர் சைக்கிளில், இரண்டு பக்கமும் காலி கேன்கள் தடதடவென்று அடிக்க வந்தாள். கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் நின்ற சைக்கிளை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். காற்று அடித்துவிட்டது, முதுகு முழுக்கச் சுரண்டினேன், எழுந்திருக்கவில்லை என்றாள்.

அது டாக்டர் வருகிற நாள் இல்லை, நல்லவேளையாக ஏதோ வேலையாக வந்திருந்தார். போய்ப் பார்த்தோம். கறவை வாளிக்குப் பக்கத்தில் விழுந்தவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தாள். வலது கை, வலது கால் இரண்டும் போய்விட்டன. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சும் இல்லை. டாக்டர் பட்டையைக் கட்டிப் பார்த்தார். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நடையெல்லாம் குண்டடி பட்டவர்கள் கிடந்தார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரு பாயில் இவரைப் போட்டு, நாலு நாள் வைத்திருந்து, இனி செய்ய ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அக்கா மறுபடி ஓடிவந்தாள். பேச்சு வந்துவிட்டது, ஆனால் ஏதோ உளறுகிறார், ஒன்றும் புரியவில்லை என்றாள். நான் போனேன். அவர் உளறவில்லை. நாக்கு குழறினாலும் தெளிவாக, எடது பக்கம் திருப்பிப் படுக்க வை, வலது தோள் நோவுது என்று சொல்லிக்கொண்டிருந்தார், தமிழில். வியட்நாம் மொழி முழுக்கப் போய்விட்டிருந்தது. டாக்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். தாய்மொழி தங்கிவிடும், பிற்பாடு படித்த மொழி போய்விடும், திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.

எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். வாழ்நாளில் பாதியை அந்தப் பெண்ணோடு அவள் மொழியில் பேசி வாழ்ந்த மனிதருக்கு, என்னைத் திருப்பிப் படுக்க வை என்று சொல்ல மூன்றாவது ஆள் வேண்டியிருந்தது. அந்த மூன்றாவது ஆள் நான்.

தினமும் வேலை முடிந்ததும் வாய்க்காலைத் தாண்டிப் போவேன். அவர் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை அவருக்கும் மாற்றிச் சொல்வேன். செவலைக்கு மடி கட்டிக்கொள்ளும், ஒட்டக் கறக்கச் சொல்லு என்பார். அவள் கறந்தாயிற்று என்பாள். இவ தூங்கவே மாட்டேங்கறா, தூங்கச் சொல்லு என்பார். அவர் தன் வேலையைப் பார்க்கட்டும் என்பாள். கணவன் மனைவிக்குள் இருக்க வேண்டிய பேச்செல்லாம் என் வாய் வழியாகப் போய்வந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. உதவி செய்கிறோம் என்ற திருப்தியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கழித்த விஷயம் மனத்தின் அடியில் கிடந்தது. அதை நான் தொடவே இல்லை.

பத்து நாள் ஆகியிருக்கும். அக்கா ஈரத்துணியால் அவருடைய செத்துப்போன கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தங்கச்சி, மாசாமாசம் நீதானே கட்டிப் பாத்தே. நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னியே. பொறவு எப்புடி இப்புடி ஆச்சு?"

குரலில் கோபம் துளியும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் என்னை அறைந்தது.

அக்கா நிமிர்ந்து என்ன கேட்கிறார் என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்கிறார் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. காட்டியாச்சு என்று சொல்லு என்றாள் அவள். நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நா அதக் கேக்கலியே தங்கச்சி" என்றார்.

அவருக்கு வியட்நாம் மொழி பேசத்தான் வரவில்லை, காதில் விழுவது புரிந்துகொண்டிருந்தது. பத்து நாளாக அவள் பேச்சை நான் தமிழாக்கிச் சொன்னதெல்லாம் தேவையே இல்லாத வேலை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வலிக்கிறது போல என்று அக்கா அவர் தோளைப் பிடித்துவிட்டாள். நான் ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பாலம் முழுக்க அழுதுகொண்டே நடந்தேன்.

நேரே டிஸ்பென்சரிக்குப் போய் நோட்டைத் திறந்தேன். என் கையெழுத்து, அழகான கையெழுத்து. பதினைந்து, பதினைந்து, பதினைந்தரை. அவர் பெயருக்கு நேரே ஒழுங்காக நின்றன. மற்ற பெயர்களுக்கு நேரேயும் அப்படித்தான். எது நிஜமான பதினைந்து, எது பதினேழிலிருந்து வந்த பதினைந்து என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, டாக்டர் வருகிற நாள். நோட்டை அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டுத் துரத்துவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த நோட்டுல இருந்த எண்ணை நம்பித்தான் நான் அவரைக் கூப்பிடல" என்றார். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எத்தனை பேருக்குக் கழித்தேன் என்று கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் எல்லாரையும் மறுபடி பார்க்க வேண்டும், வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வா, அந்த வீடுகளெல்லாம் உனக்குத்தான் தெரியும் என்று சொல்லிப் புது நோட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். என்னை வேலையை விட்டு அனுப்பாததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

யார் வீட்டிலிருந்து தொடங்குவது என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ராக்கெட் விழுந்தது, எங்கள் வீட்டு ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. அம்மா போகாதே என்று கையைப் பிடித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அன்றைக்கு அவர் மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டது இது, நான் செய்தது இது என்று அவள் மொழியிலேயே, அவர் காதில் விழும்படி சொன்னேன். பெஞ்சு, அறுபது பேர், அரை மணி எல்லாம் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவருக்குப் பதினேழு இருந்தது, நான் பதினைந்து என்று எழுதினேன், அவருடைய தலைவலியைக் கேலி செய்தேன். இதை மட்டும்தான் சொன்னேன். பிறகு அவரிடம் அதையே தமிழில் சொன்னேன், இந்தத் தடவை ஒரு சொல் குறைக்காமல்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டாள். வாளியில் பால் பீய்ச்சுகிற சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வந்து என்னை இரண்டு அறை அறைந்தால் தேவலை என்று இருந்தது.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவகிட்ட சொல்லிட்டேல்ல" என்றார். சொல்லிட்டேன் அண்ணே என்றேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி மேலே சுருட்டினாள்.

"நானும் அந்த பெஞ்சுல உட்கார்ந்தேன். எனக்கும் கழிச்சிருப்பே. இப்ப கழிக்காம சொல்லு."

அவளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அழுதேனே, அத்தனையும் அவருக்காகவும் எனக்காகவும் அழுத அழுகைதான். கையில் எடுத்து வந்த கருவிகூட அவருக்காக எடுத்து வந்ததுதான். பதினாறிலிருந்து பதினான்காக நான் மாற்றிய பெண் பத்து நாளாக என் எதிரிலேயே நடமாடிக்கொண்டிருந்தாள்.

பட்டையைக் கட்டினேன். பதினெட்டு. மனம் பழக்கத்தில் பதினாறு என்றது. காலையில் ராக்கெட் விழுந்திருந்தது, நானும் அப்படி ஒரு சேதியைத் தலையில் போட்டிருந்தேன், ஏறாமல் என்ன செய்யும்? அரை மணி உட்காருங்கள் அக்கா, மறுபடி பார்க்கிறேன் என்றேன். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் யாருக்கும் ஒழுங்காகக் கொடுக்காத அரை மணி அது. எவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது. பாதி நேரம் போயிருக்கும், கொட்டகையில் கன்று கத்தத் தொடங்கியது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கக் காலை ஊன்றினாள்.

"நில்லும்மா" என்றார் அண்ணன்.

மாட்டைக் கறக்கும்போது சொல்வாரே, அதே குரல், கொஞ்சம் குழறலாக. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு மெல்ல உட்கார்ந்து அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் விழுந்த பிறகு அவர் சொன்னதை என் உதவி இல்லாமல் அவள் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அரை மணி முடிந்து மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை, அதே பதினெட்டு. பதினெட்டு அக்கா என்று சொன்னேன். புது நோட்டின் முதல் வரியில் அவள் கண்ணெதிரே அதை எழுதினேன்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அங்கே எல்லாச் சாப்பாட்டிலும் ஊற்றுகிற உப்பு மீன் சாற்றைக் குறைக்கச் சொன்னார், அதற்குத்தான் அவள் அதிகம் சண்டை போட்டாள். ஆனால் அவளுக்கு அழுத்தம் இறங்கியது, நிஜமாகவே இறங்கியது. நான் பழைய நோட்டோடு சந்து சந்தாக அலைந்து மற்றவர்களையும் கூட்டிவந்தேன். பெஞ்சு போதாமல் வாசலில் பாய் விரித்து அரை மணி உட்கார வைத்தோம். கழித்த எண்ணின் பின்னால் எத்தனை பேர் ஒளிந்திருந்தார்கள் என்று பார்த்தபோது பயமாக இருந்தது. இரண்டு வீடுகளில் நான் போவதற்குள் காரியம் முடிந்து, படத்துக்கு முன்னால் ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் மூன்று வருஷம் படுக்கையில் இருந்து போய்ச் சேர்ந்தார். வியட்நாம் மொழி அவருக்குக் கடைசிவரை திரும்பவில்லை. அதனால் அக்கா தமிழ் கற்றுக்கொண்டாள். முதலில் என்னிடம் கேட்டுக் கேட்டு, பிறகு அவரிடமே கற்றாள். அவர் போகும்போது அவர்களுக்கு நடுவில் நான் தேவைப்படவில்லை.

போர் முடிந்து, ஆட்சி மாறி, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். அம்மாவும் நானும் கிளம்புகிற நாளில் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அக்கா வாசலில் காத்திருந்தாள், கையில் ஒரு சின்னத் தூக்கில் பால். மாடு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. என்னிடம் எப்போதும் வியட்நாம் மொழியில் பேசுகிறவள் அன்று, "பாத்துப் போ தங்கச்சி" என்றாள், அச்சு அசலாக அவருடைய காரைக்கால் பேச்சில்.

அவள் மன்னித்துத்தான் அப்படிக் கூப்பிட்டாளா, அவர் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு வந்த பழக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காரைக்காலில் பிறகு பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் தெருவில் யாராவது வந்து கையை நீட்டினால், முதல் தடவை ஏறியிருந்தது என்றால், பக்கத்தில் நாற்காலி போட்டு அந்த அரை மணியை அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அன்று நான் உட்காராமல் மிச்சம் பிடித்த அரை மணிக்காக ஒரு மனிதர் தன் பாதி உடம்பையும் மனைவியோடு பேசிய மொழியையும் கொடுத்தார் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வருகிறது.